அப்புவின் இடியன் துவக்கும் கனடாவின் தங்க ஊரும்: ஒரு தகடு பற்றிய கேள்வி

நெடுங்கேணி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய துவக்கு ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். இரும்புச் சாமான் விளங்கியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் மகன் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம் இருக்கிறான். போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கர்வில் என்ற இடத்துக்குப் போய்வந்து எனக்குப் படங்கள் அனுப்பினான். 1862இல் பில்லி பார்க்கர் என்ற ஆள் ஐம்பது அடி வரை கிணறு தோண்டித் தங்கம் கண்ட இடமாம். செய்தி பரவி ஆட்கள் வந்து குவிந்து, நடுக்காட்டில் ஓர் ஊரே முளைத்திருக்கிறது. 1868இல் தீப்பிடித்து எரிந்ததைத் திரும்பக் கட்டினார்கள். பிறகு தங்கம் குறைய ஆட்களும் குறைந்தார்கள். 1958இல் அரசாங்கம் பொறுப்பெடுத்து, பழையபடியே திருத்தி, இப்போது சனம் வந்து பார்க்கிற ஊராக வைத்திருக்கிறார்கள். மரப்பலகை நடைபாதை, தேவாலயம், சீனர்களின் கடைகள் என்று நாற்பது படம் வந்தது. அதில் ஒரு படத்தில் நான் நின்றுவிட்டேன், அதை இத்தோடு போட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் நீளத் துவக்கு ஒன்று. விசைக்கு மேலே பக்கவாட்டில் ஓர் இரும்புத் தகடு, அதில் கிரீடம், ஆங்கில எழுத்தில் 'ரவர்'. அதே கிரீடமும் அதே எழுத்தும் உள்ள தகடு என் அலுமாரியில் துணிக்குள் சுற்றிக் கிடக்கிறது.

என்னிடம் முழுத் துவக்கு இல்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் தகடு, அதன் வெளிப்பக்கம் குதிரை (விசையை இழுத்தால் விழுந்து அடிக்கிற சுத்தியல்) பூட்டியபடி, உட்பக்கம் அதை இழுக்கிற வில் (ஸ்பிரிங்). அவ்வளவுதான். அம்மாவின் அப்பா, நாங்கள் அப்பு என்போம், அவர் வைத்திருந்த இடியன் துவக்கின் மிச்சம். இடித்து இடித்து நிரப்புவதால் இடியன் என்று அவர்தான் சொல்லித் தந்தார்.

காலபோக நெல் பால் பிடிக்கிற நாட்களில் எங்கள் வயலுக்குப் பன்றி இறங்கும். ஓர் இரவு தவறினால் போதும், விடியப் பார்த்தால் அரை ஏக்கர் உழுதுவிட்ட மாதிரிக் கிடக்கும். அப்பு பரணுக்குப் போக முதல் முற்றத்தில் குந்தியிருந்து துவக்கை நிரப்புவார். தேங்காய்த் தும்பைப் பிரித்து உருட்டிக் கொடுப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. வெடிமருந்து போடுவார், தும்பு உருண்டையை விட்டு நீளக் கம்பியால் இடிப்பார். கம்பி இறுகின இடத்தில் பட்டுத் துள்ள வேண்டும். "கேட்டியா பிள்ளை, சத்தம் மாறிட்டுது" என்பார். பிறகு சன்னம், திரும்ப ஒரு தும்பு உருண்டை. கேப்பு, அதாவது குதிரை அடித்ததும் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி, அதை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போவார். பரணில் ஏறி இருந்த பிறகுதான் அதைத் துவக்கில் வைப்பார். வளவுக்குள் ஒருநாளும் வைத்ததில்லை. பெரும்பாலும் வெறும் சத்தத்துக்குத்தான் வெடி. அடுத்த வயலில் இருந்து ஒரு கூக்குரல் பதிலுக்கு வரும். அதைக் கேட்டுவிட்டு ஆச்சி படுப்பா.

அப்புவுக்குப் பிறகு மாமாவிடம் இருந்தது. 1997இல் நெடுங்கேணியை விட்டு எல்லோரும் ஓடினபோது, மாமா அதைக் கழற்றி எங்கேயோ தாட்டுவிட்டார். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை. 2009இல் மாமா திரும்பி வரவில்லை.

மீள்குடியேறினபோது வளவில் மிதிவெடி தேடினார்கள். புளியமரத்தடியில் கருவி கத்தியது. ஒரு பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கும், வெயிலில் முகக் கவசத்தோடு குந்தியிருந்து சின்னக் கரண்டியால் அரைநாள் மண்ணைச் சுரண்டினாள். நான் வேலிக்கு வெளியே கயிற்றுக்கு அப்பால் நின்றேன். கடைசியில் வந்தது பழைய பால்மா ரின். உள்ளே மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, அதற்குள் இந்தத் தகடு. மேலதிகாரி பார்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் தந்தார். குழல் கிடைக்கவில்லை. மரக்கட்டையும் இல்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எங்கள் வாசிகசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரி செய்து, ஊரின் பழைய சாமான்கள் வைக்கப் போகிறோம். மரைக்கால், ஏர், பித்தளை விளக்கு எல்லாம் சேர்ந்துவிட்டது. இந்தத் தகட்டையும் வைக்க ஆசை. கனடாக் காட்டில் இருக்கிற துவக்கும் அப்புவின் துவக்கும் ஒரே சாதியா? ஒரே முத்திரை இரண்டு இடத்துக்கும் எப்படி வந்தது? மெழுகு கழுவித் துடைக்க என்ன பாவிப்பது? எழுத்து அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்தில் வைக்கிற அட்டையில் நான் பொய் எழுதக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

கம்மாலைப் பேரன் (வவுனியா) எழுதியது:

ரீச்சர், வணக்கம். எங்கள் தாத்தாவின் கம்மாலைக்கு இடியன் துவக்குகள் திருத்த வரும். வில் உடைந்தது, குதிரை தேய்ந்தது என்று. நான் அவருடைய துருத்தி இழுத்து வளர்ந்தவன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

'ரவர்' என்பது லண்டன் ரவர் கோட்டை. ஆங்கிலேய அரசாங்கத்தின் துவக்குகள் அங்கேதான் பொருத்திச் சோதிக்கப்பட்டன. ஆனால் அந்த எழுத்தை மட்டும் வைத்து அரசாங்கத் துவக்கு என்று சொல்லிவிட முடியாது. பெர்மிங்ஹாமில் வியாபாரத்துக்குச் செய்தவர்களும் அதே சொல்லைத் தட்டி உலகம் முழுக்க விற்றார்கள். அரசாங்கச் சாமான் என்றால் சின்னக் கிரீடம் ஒன்றும் அதன் கீழே அகல அம்புக்குறி ஒன்றும் இருக்க வேண்டும். நகம் அளவுதான் இருக்கும், தேடிப் பாருங்கள்.

அடுத்தது பெரிய கிரீடத்தின் கீழே என்ன எழுத்து என்று பாருங்கள். 'ஜி.ஆர்' என்றால் ஜோர்ஜ் அரசர்களின் காலம். கடைசி ஜோர்ஜ் 1830இல் போய்விட்டார், அதற்குப் பிறகு அடுத்த நூற்றாண்டு வரை வேறு ஜோர்ஜ் இல்லை. 'வி.ஆர்' என்றால் விக்ரோரியா, 1837க்குப் பிறகு. நீங்கள் போட்ட கனடாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வி.ஆர் தெரிகிறது, குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று வளையம் இருக்கிறது. அது என்பீல்ட் 1853 மாதிரி. குழலின் உள்ளே புரி வெட்டியது, வாய் .577 அங்குலம். கேப்புக்கென்றே செய்தது.

உங்களுடையது ஜி.ஆர் என்றால் கதை வேறு. அது முதலில் சக்கிமுக்கித் துவக்காகப் பிறந்திருக்க வேண்டும். குதிரையின் வாயில் கல்லைக் கடிக்க வைத்து, அது உருக்கில் உரசிப் பொறி விழுந்து, பக்கத்துக் கிண்ணியில் இருக்கிற மருந்து பற்றும். மழை நாளில் நம்ப முடியாது. 1840 அளவில் ஆங்கிலப் படை கேப்புக்கு மாறியபோது பழையவை பலதையும் அப்படியே மாற்றினார்கள். கிண்ணியையும் உருக்கையும் அதன் வில்லையும் கழற்றிவிட்டு, ஆணித் துளைகளை இரும்பால் அடைத்து அராவினார்கள். அந்த அடைப்பு இன்றைக்கும் தெரியும். தகட்டைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். சுற்றியுள்ள இரும்பை விட நிறம் கொஞ்சம் மாறின வட்டங்கள் இருந்தால் அதுதான். படைக்கு வேண்டாமல் போன துவக்குகள் பிறகு உலகம் முழுக்க விலைபோயின. முத்திரை பரவினது அப்படித்தான்.

துடைக்கிற விஷயம். புளி, தேசிக்காய், சாம்பல் ஒன்றும் வேண்டாம். பித்தளை விளக்குக்குச் செய்கிற மாதிரி செய்தால் நூற்றைம்பது வருச மேல்தோல் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய பல்தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். முத்திரைக் குழிக்குள் இருக்கிற அழுக்கை மூங்கில் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் துளி போட்டுத் துடைத்தால் போதும். குதிரையை இழுத்து விட்டுப் பார்க்காதீர்கள். அந்த வில் எவ்வளவு காலம் அப்படியே இருந்ததோ, தெறித்தால் கையைக் கிழிக்கும். ஆணிகளைக் கழற்ற வேண்டாம், நான் வந்தால் பார்க்கிறேன்.

இன்னொன்று. தகடுதான் என்றாலும் விதானையாரிடமும் பொலிசிலும் ஒரு கடிதம் எழுதி வாங்கி வையுங்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அந்த மிதிவெடிக்காரர் தந்த துண்டையும் கவனமாக வையுங்கள்.

ஒட்டுசுட்டான் பெடியன் எழுதியது:

ரீச்சர், ஜி.ஆர் என்றால் யோசிக்கவே தேவையில்லை! கற்சிலைமடுவில் நினைவுக் கல் நாட்டியிருந்தார்கள். 1803 ஒக்ரோபர் 31, ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம். அங்கேயிருந்து உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம்? அந்தச் சண்டையில் பிடிபட்ட துவக்கு ஒன்று உங்கள் அப்பு பரம்பரைக்கு வந்திருக்கும். அட்டையில் பண்டாரவன்னியன் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், நாலு ஊரில் இருந்து சனம் பார்க்க வரும்.

லொறிக்காரன் (பிரின்ஸ் ஜோர்ஜ், கனடா) எழுதியது:

அக்கா, நான் முள்ளியவளை. பதினாலு வருசமாக இந்தப் பக்கம் லொறி ஓட்டுகிறேன். பார்க்கர்வில்லுக்கு குவெனெல் என்ற ஊரில் இருந்து கிழக்கே எண்பது கிலோமீற்றர் அளவில் போக வேண்டும். பைன் காடு, ஒரே பாதை. முதல் தரம் போனபோது எனக்கு மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற பழைய பாதைதான் நினைவு வந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் நாங்கள்.

தங்கம் எடுத்த ஊர் என்றால் ஆளுக்காள் இடுப்பில் துவக்கோடு திரிந்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே அப்படி இல்லை. ஆங்கிலேய நீதிமன்றம் சுரங்கக்காரரோடு கூடவே வந்துவிட்டது. பெக்பி என்ற நீதிபதி ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார். துவக்கு என்றால் இறைச்சிக்கும் தங்கம் கொண்டுபோகிற வழிக்காவலுக்கும்தான் கூடுதலாக வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு கொலைக் கதை இருக்கிறது, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1866இல் சார்ல்ஸ் பிளெசிங் என்ற மனிதர் தங்க ஊருக்குப் போகிற வழியில் ஜேம்ஸ் பெரி என்பவனோடு சேர்ந்து நடந்தார். பெரி மட்டும் வந்து சேர்ந்தான். பிளெசிங்கிடம் இயற்கையான தங்கக் கட்டி பதித்த கழுத்துப்பட்டி ஊசி ஒன்று இருந்தது. அந்தக் கட்டி ஒரு மனித முகம் மாதிரி. வழியில் அவர்களோடு பழகின வெலிங்ரன் மோசஸ், பார்க்கர்வில்லில் முடி வெட்டுகிற கறுப்பினத்தவர், பெரியிடம் இருந்து வெளிப்பட்ட ஊசியைக் கண்டதும் இது பிளெசிங்குடையது என்று அடையாளம் சொன்னார். உடல் காட்டுக்குள் கிடைத்தது. தலையின் பின்பக்கம் சூடு. 1867இல் பெரியைத் தூக்கிலிட்டார்கள். பிளெசிங்கின் கல்லறை இன்றைக்கும் பாதையோரம் இருக்கிறது, நான் லொறியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பார்த்திருக்கிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் துவக்குக் கண்ணாடிகள் முன்னால் நின்றபோது எனக்கு ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. பெயர், வருசம், அங்குலம். ஒரு குண்டூசியின் கதை மட்டும் நின்றது, ஏனென்றால் அது யாருடையது என்று தெரியும். என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் பழைய கோல்ட் 1849 கைத்துவக்கு வைத்திருக்கிறார், .31 அங்குலம், சின்னது, கலிபோர்னியாத் தங்கக்காரர்கள் விரும்பி வாங்கினது. அதன் சுழல் உருளையைச் சுற்றி, குதிரை வண்டியைக் கொள்ளைக்காரர் மறிக்கிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். கடுகு மாதிரிக் குதிரைகள். கையில் வாங்கிப் பார்த்தேன். குதிரைகளின் பாதி உருவம் தேய்ந்து போயிருந்தது. எத்தனை பேர் பிடித்திருப்பார்கள், ஒரு பெயரும் இல்லை. உங்களிடம் தகடு மட்டும்தான் இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள் அக்கா. தும்பு உருட்டின பிள்ளை உயிரோடு இருந்து எழுதுகிறாவே.

கடலோரக் கிளி (புதுக்குடியிருப்பு) எழுதியது:

ரீச்சர், நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். வாசிகசாலையில் வைக்காதீர்கள்.

போர் முடிந்த பிறகு எங்கள் பக்கம் ஆயுதங்களை அடுக்கி வைத்தார்கள். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து நின்று படம் எடுத்தார்கள். நான் அப்போது ஏ.எல். படித்தேன். அந்தப் பாதையால்தான் ரியூசனுக்குப் போக வேண்டும். சைக்கிளில் தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஆயுதம் மட்டும் அங்கே இருந்தது. எங்கள் வீட்டில் இல்லாமல் போனவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்றைக்கும் கண்ணாடிக்குள் துவக்கு என்று கேட்டாலே எனக்கு அந்தப் பாதைதான் வருகிறது.

பன்றி வெருட்டின துவக்கு வேறு என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குமா? அதோடு கட்டுத்துவக்கையும் மறக்க வேண்டாம், மிருகம் கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கிற மாதிரிக் கட்டி வைக்கிறது. பன்றிக்குக் கட்டினதில் என் பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே போனது. அது போரில் இல்லை, வயலில்.

நெடுங்கேணி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நாலு நாள் எடுத்துவிட்டேன், மண்ணெண்ணெயில் ஊற வேண்டியிருந்தது.

முதலில் பேரனுக்கு. மெழுகு கறுப்பாகக் கழன்று வந்தது. பெரிய கிரீடத்தின் கீழே ஜி.ஆர் தெளிவாகவே இருக்கிறது. மகனின் போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். குதிரைக்கு முன்னால் மூன்று வட்டங்கள், சுற்றியுள்ள இரும்பை விடக் கொஞ்சம் வெளிறி. ஒன்றின் விளிம்பில் அராவின கோடுகள் கூடத் தெரிகின்றன. எவனோ ஒரு தொழிலாளி அரத்தைச் சாய்த்துப் பிடித்து இழுத்த கோடு. சின்னக் கிரீடம் பாதி தேய்ந்து இருக்கிறது. அதன் கீழே அம்பின் ஒரு பக்கக் கோடும் நடுக்கோடும் தெரிகின்றன, மற்றப் பக்கம் துரு தின்றுவிட்டது. அப்படியென்றால் அப்புவின் தகடு அந்தத் தங்க ஊரை விட முப்பது வருசமாவது மூத்தது. தங்கையின் மகனுக்குச் சொன்னேன். "பெரியம்மா, அப்ப நீங்கதான் மியூசியம் வைக்கவேணும்" என்றான்.

ஒட்டுசுட்டான் தம்பிக்கு. பண்டாரவன்னியன் பெயரை நான் எழுத மாட்டேன். அவர் மேல் எனக்கு மதிப்புக் குறைந்து இல்லை. முப்பத்திரண்டு வருசம் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவள் நான். பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லின் முன்னால் நிற்பாட்டியிருக்கிறேன். ஆனால் இந்தத் தகடு அந்தச் சண்டையில் இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பு சொன்னது ஒன்றே ஒன்று, தன் தகப்பன் இதை ஒரு சோடி எருத்துமாட்டுக்கு மாற்றி வாங்கினார் என்று. அதைத்தான் எழுதுவேன். நான் இல்லாத காலத்தில் ஒரு பிள்ளை அந்த அட்டையை வாசித்து நம்பும்.

கிளிப் பிள்ளை, நீ எழுதினதை நான் மூன்று தரம் வாசித்தேன். கோபம் எதற்கு? நானும் அந்தப் பாதையால் பஸ்ஸில் போயிருக்கிறேன், யன்னல் பக்கம் திரும்பவில்லை. உனக்காக ஒன்று மாற்றியிருக்கிறேன். தகட்டைத் தனியாக நடுவில் வைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன். வயல் காவல் தட்டு என்று ஒரு தட்டு. அதில் பரண் விளக்கு, பன்றி வெருட்ட அடிக்கிற தகரம், ஒரு பிடி தேங்காய்த் தும்பு, கடைசியில் இந்தத் தகடும் அந்தப் பால்மா ரின்னும். ரின்னை எறியாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. கட்டுத்துவக்கு பற்றியும் இரண்டு வரி எழுதுகிறேன், அதில் கால் இழந்தவர்கள் வயலுக்குப் போன எங்கள் ஆட்கள்தான் என்று. உன் பெரியப்பாவின் பெயர் போட மாட்டேன். அலுமாரி திறக்கிற நாளுக்கு நீ வராவிட்டாலும் எனக்கு விளங்கும்.

லொறித் தம்பி, அந்த ஊசிக் கதையை இரவு பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். மோசஸ் எப்படிக் கண்டுபிடித்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அட்டைக்கு எழுதி வைத்திருப்பதைக் கீழே போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"இடியன் துவக்கின் பக்கத் தகடு. இங்கிலாந்தில் 1830க்கு முன் சக்கிமுக்கித் துவக்குக்காகச் செய்யப்பட்டு, பிறகு கேப்புக்கு மாற்றப்பட்டது. அடைத்த மூன்று துளைகளைப் பாருங்கள். நெடுங்கேணியில் ஒரு சோடி எருத்துமாட்டுக்கு வாங்கப்பட்டது. மூன்று தலைமுறை வயல் காத்தது. 1997இல் புளியமரத்தடியில் தாட்டவர் 2009இல் திரும்பவில்லை. மிதிவெடி அகற்றிய பெண் ஒருவர் இதை எடுத்துத் தந்தார்."

அந்தப் பிள்ளையின் பெயரை அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டேன். முகக் கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்தபோது முகம் பார்த்தேன், கன்னத்தில் மண். இதை வாசிக்கிற யாராவது அந்த வேலையில் இருந்தால், நெடுங்கேணியில் புளியமரத்தடியில் பால்மா ரின் எடுத்த பிள்ளை யார் என்று கேட்டுப் பாருங்கள். அவளிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் பெயரையும் எழுத ஆசை.

பேரன், விதானையார் கடிதம் தந்துவிட்டார், பொலிசில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் வவுனியாவில் இருந்து காலை பஸ்ஸில் ஏறுங்கள், மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில். முன் ஆணி ஒன்று இறுகிக் கிடக்கிறது, வில் இன்னும் இழுபட்டபடி இருக்கிற மாதிரித் தெரிகிறது. நான் கை வைக்கவில்லை.